நீர் கலந்த பாலா, நோயுற்ற மடியா?

உங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு நாள் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். கேனும் தூக்குமாக வரிசை நிற்கும. பாலை ஒரு நீண்ட குவளையில் ஊற்றி, அதில் கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்க விடுவார்கள். அடியில் ஈயக்குண்டும் மேலே அளவுக் கோடுகளும் கொண்ட அந்தக் குழாய்தான் பால்மானி. சங்கத்தில் லாக்டோமீட்டர் என்றே சொல்வார்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். அது தினமும் இருவேளை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வரும்படியைத் தீர்மானிப்பது இங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளங்கலை இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் முகம் வாடி வந்தார். அவருடைய தாயார் இரண்டு கறவை மாடுகள் வைத்துப் பிழைப்பவர். கல்லூரிக் கட்டணமே அந்தப் பாலிலிருந்துதான். வழக்கமாக 28 காட்டும் பால்மானி ஒரு வாரமாக 26 காட்டுகிறது. "நூற்றுக்கு ஏழு பங்கு தண்ணீர்" என்று சங்கத்தில் சொல்லி விலையில் பிடித்துக்கொண்டார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னதுதான் அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் ஒரு சொட்டுத் தண்ணி விடலீங்க சார்" என்று என்னிடம் அவர் சொன்னபோது, அவர் சொல்வது உண்மையா என்பதை இயற்பியலால் கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்தேன்.

முடியும். எப்படி என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

மடிக்குள்ளே ஒரு தடுப்புச் சுவர்

பசுவின் மடி வெளியிலிருந்து பார்க்க ஒரே பை போலத் தோன்றும். உள்ளே அது நான்கு தனித்தனிப் பகுதிகள். ஒரு பகுதியின் பால் மற்றொரு பகுதிக்குப் போகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. சாதாரணமாகப் பின்பகுதிகள் இரண்டும் சேர்ந்து மொத்தப் பாலில் ஏறத்தாழ 60 சதம் தரும். இந்த நான்கு பகுதிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டும்.

ஒவ்வொரு பகுதியிலும் நுண்ணிய பால் பைகள் எண்ணற்றவை உள்ளன. பையின் சுவர் ஒரே வரிசை உயிரணுக்களால் ஆனது. சுவருக்கு அப்புறம் இரத்தம், இப்புறம் பால். இரத்தத்தில் சோடியம் அதிகம், பாலில் மிகக் குறைவு. பொட்டாசியம் இதற்கு நேர்மாறு. உயிரணுக்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பிணைந்து நிற்பதால்தான் இந்த வேற்றுமை நிலைக்கிறது.

காம்பின் துளை வழியாகப் பாக்டீரியா நுழைந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. 1887இல் பிரான்சு நாட்டின் நோக்கார், மொல்லரோ ஆகிய இருவர், பசுக்களில் தொற்றும் மடிநோய்க்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் சங்கிலி வடிவப் பாக்டீரியாவை விவரித்தார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈ. கோலி என இன்று பல வகைகள் தெரியும். படையெடுப்பைக் கண்டதும் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் மடிக்குள் பாய்கின்றன. போரில் பால் பையின் சுவர் சேதமடைகிறது, பிணைப்புகள் தளர்கின்றன. இரத்தத்தின் உப்பு பாலுக்குள் கசிகிறது.

நோய் முற்றினால் எவருக்கும் தெரியும். மடி வீங்கிச் சுடும்; பால் திரிதிரியாக வரும்; சிலபோது இரத்தமும் கலந்திருக்கும். ஆனால், மடி வீக்கமில்லாமல், பால் பார்வைக்கு வெண்மையாகவே இருக்க, நோய் மட்டும் உள்ளுக்குள் நடப்பதே பெரும்பான்மை. இதை மறைந்த மடிநோய் எனலாம். கண்ணுக்குத் தெரியாததை அளவுகருவியால்தான் பிடிக்க வேண்டும்.

சர்க்கரை போய் உப்பு வந்த கணக்கு

பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். பசும்பாலில் ஏறத்தாழ 4.8 சதம். பாலும் இரத்தமும் சவ்வூடு பரவல் அழுத்தத்தில் சமமாக இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் நீர் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் ஓடிச் சமன் செய்துவிடும். இந்த அழுத்தம் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததே தவிர, அவற்றின் எடையைப் பொறுத்ததன்று என்று வேதியியலில் படித்திருப்பீர்கள்.

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற மடியில் லாக்டோஸ் உற்பத்தி குறைகிறது. ஒரு லிட்டர் பாலில் 10 கிராம் லாக்டோஸ் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். லாக்டோஸின் மூலக்கூறு எடை 342. எனவே குறைந்தது 10/342 அல்லது 0.029 மோல் துகள்கள். அதே எண்ணிக்கையில் துகள்கள் வந்து ஈடு செய்ய வேண்டும். சோடியம் குளோரைடு கரைந்தால் ஒரு மூலக்கூறு இரண்டு அயனிகளாகப் பிரியும். ஆகவே 0.0146 மோல் உப்பு போதும். அதன் மூலக்கூறு எடை 58.5. பெருக்கிப் பாருங்கள்: 0.86 கிராம்!

பத்து கிராம் போயிற்று. வந்ததோ ஒரு கிராம் கூட இல்லை. பாலின் அடர்த்தி குறையத்தானே செய்யும்? லாக்டோஸும் உப்பும் அடர்த்தியைக் கூட்டும் அளவைக் கொண்டு கணக்கிட்டால், பால்மானியில் ஏறத்தாழ 3 அளவு இறங்கும். உண்மைப் பாலில் புரதமும் கொழுப்பும் கூட மாறும் என்பதால் இது துல்லியமன்று. ஆனால் போக்கு இதுவே. மடியின் பின்பகுதிகள் இரண்டு மட்டும் இவ்வாறு கெட்டிருந்தால் மொத்தப் பாலில் 2 அளவு இறங்கும். அதாவது 28 காட்டிய இடத்தில் 26.

நல்ல பாலில் நூற்றுக்கு ஏழு பங்கு தண்ணீர் விட்டாலும் 26தான் காட்டும். பால்மானி பொய் சொல்லவில்லை. அது சொன்னது "அடர்த்தி குறைந்திருக்கிறது" என்பது மட்டுமே. "தண்ணீர்" என்று சொன்னவர் மனிதர்.

மின்னோட்டத்தைச் சாட்சிக்கு அழைத்தல்

இனி, இரண்டு பாலையும் பிரித்தறியும் வழி என்ன? அயனிகள் மின்னோட்டத்தைக் கடத்தும், லாக்டோஸ் கடத்தாது. தண்ணீர் விட்ட பாலில் அயனிகள் நெருக்கம் குறைந்துவிடும்; எனவே மின்கடத்துதிறன் குறையும். நோயுற்ற பாலில் உப்பு கூடியிருப்பதால் மின்கடத்துதிறன் கூடும். பால்மானியில் ஒரே பக்கம் சாய்ந்த இருவரும் இங்கே எதிரெதிர்த் திசையில் போகிறார்கள்!

மின்தடையின் தலைகீழ் மின்கடத்தல் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஓம் என்பதைத் திருப்பிப் போட்டு 'மோ' என்று ஒரு காலத்தில் வேடிக்கையாக அலகுப் பெயர் வைத்திருந்தார்கள். 1971 முதல் சீமென்ஸ் என்பதே பன்னாட்டு அலகு. நல்ல பசும்பாலின் மின்கடத்துதிறன் 25 டிகிரி செல்சியஸில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 முதல் 5.5 மில்லிசீமென்ஸ். நோயுற்றால் 6, 7 என்று ஏறும்.

'இரண்டு கம்பியைப் பாலில் விட்டு, பாட்டரியையும் அம்மீட்டரையும் இணைத்தால் போதாதா?' என்று கேட்பீர்கள். செய்து பாருங்கள், முள் நிலைகொள்ளாமல் இறங்கிக்கொண்டே போகும். நேர்மின்னோட்டம் பாயும்போது மின்வாய்களில் வாயுக்குமிழ்கள் தோன்றி வழியை மறைக்கின்றன. ஜெர்மானிய அறிஞர் கோல்ராஷ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். திசை மாறிக்கொண்டே இருக்கும் மாறுமின்னோட்டத்தை வீட்ஸ்டன் சமனச்சுற்றில் செலுத்தி, சமநிலையைத் தொலைபேசிக் கேட்பானில் ஒலி அடங்குவதைக் கொண்டு அறிந்தார். இன்று கையடக்க மின்கடத்துமானிக்குள் இதே வேலையை ஒரு சில்லு செய்கிறது.

வேதியியல் துறையிலிருந்து அப்படியொரு மானியை வாங்கிக்கொண்டு மறுநாள் காலை அந்தக் கொட்டிலுக்குப் போனேன். முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்காம்பு ஒன்றில் கறந்த பாலில் மானியை நனைத்ததும் 6.2 என்று காட்டியது. "நோய்தான்!" என்று கூவிவிட்டேன். அடுத்த முன்காம்பும் 6.2. அப்போதுதான் உறைத்தது: பால் மடிச்சூட்டில் இருக்கிறது, அந்தப் பழைய மானியிலோ வெப்பநிலைத் திருத்தம் இல்லை. உப்புக் கரைசலின் மின்கடத்துதிறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதம் கூடும். பால் 37 டிகிரி, ஒப்பிடும் அளவோ 25 டிகிரிக்கு உரியது. பன்னிரண்டு டிகிரி வேற்றுமைக்கு 24 சதம் பிழை. நோய் உண்டாக்கும் மாற்றமும் இதே அளவினது என்பதால், வெப்பநிலையைக் கவனியாத அளவீடு பயனற்றது. என் மாணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பால் கிண்ணங்களைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தார்.

ஆறியபின் அளந்தோம். முன்பகுதிகள் இரண்டும் 5.0. வலது பின்பகுதி 6.4. இடது பின்பகுதி 6.9. அந்த அம்மா எங்களுக்கு முன்பே இடது பின்காம்புப் பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கரிக்குதுங்க" என்றார். நாக்கும் ஒரு குளோரைடுமானிதான்! ஆனால் காய்ச்சாத பாலை, அதுவும் சந்தேகப்பட்ட மடியின் பாலை, சுவைத்துப் பார்ப்பது தவறு, நீங்கள் செய்யாதீர்கள்.

ஒரே பசுவின் நான்கு பகுதிகளை ஒப்பிட்டதைக் கவனித்தீர்களா? பசுவுக்குப் பசு, தீவனத்துக்குத் தீவனம், கன்று ஈன்று எத்தனை நாள் என்பதைப் பொறுத்து மின்கடத்துதிறன் வேறுபடும். கொழுப்பு மிகுந்த பாலில் அது குறையும். கொழுப்புத் துளிகள் மின்னோட்டத்துக்கு நடுவழிப் பாறைகள். சீம்பாலிலும், பால் வற்றும் பருவத்திலும் உப்பு இயல்பாகவே கூடியிருக்கும். ஆனால் இவையெல்லாம் நான்கு பகுதிகளையும் ஒன்றுபோலவே பாதிக்கும். நோயோ பெரும்பாலும் ஒன்றிரண்டு பகுதிகளைத்தான் பிடிக்கிறது. நலமான பகுதியே அளவுகோல் ஆகிவிடுகிறது.

உறைநிலையும் இதே சாட்சியைச் சொல்லும். பால் ஏறத்தாழ சுழிக்குக் கீழே 0.53 டிகிரி செல்சியஸில் உறைகிறது. இதுவும் துகள் எண்ணிக்கையைப் பொறுத்தது. நோயில் அந்த எண்ணிக்கை மாறாததால் உறைநிலையும் அனேகமாக மாறாது. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் விட்டாலோ அது 0.05 டிகிரி அளவு உயர்ந்துவிடும். 1920களிலிருந்தே பெரிய பால் ஆய்வகங்கள் நீர்க் கலப்பை இவ்வாறுதான் பிடிக்கின்றன. ஆயிரத்தில் ஒரு டிகிரியை அளக்கும் வெப்பநிலைமானி வேண்டும் என்பதால் கிராமத்துச் சங்கத்துக்கு அது எட்டாக்கனி.

வெள்ளணுக்களை எண்ணுவது எப்படி?

உப்பு ஒரு மறைமுகச் சாட்சி. நேரடிச் சாட்சி போர்க்களத்துக்கு வந்த வெள்ளணுக்கள். நலமான மடிப்பகுதியின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு இவை ஒரு லட்சத்துக்கும் குறைவு. இரண்டு லட்சத்தைத் தாண்டினால் தொற்று இருக்கக்கூடும் என்று கொள்கிறார்கள். முற்றிய நோயில் ஐம்பது லட்சத்துக்கும் மேலே போகும்.

1910இல் அமெரிக்காவின் பிரெஸ்காட்டும் பிரீடும் ஓர் எளிய முறை சொன்னார்கள். 0.01 மில்லிலிட்டர் பாலைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டரில் பரப்பி, உலர்த்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். நுண்ணோக்கியின் பார்வை வட்டம் 0.16 மில்லிமீட்டர் விட்டமானால் அதன் பரப்பு 0.02 சதுர மில்லிமீட்டர். தகட்டில் 5,000 வட்டங்கள் அடங்கும். ஒரு வட்டத்தில் சராசரியாக ஓர் அணு தெரிந்தால் ஒரு மில்லிலிட்டரில் ஐந்து லட்சம் என்று பொருள். கண் வலிக்கும் வேலை. பின்னர் கூல்ட்டர் என்பவர், நுண்துளை வழியே உயிரணு நுழையும்போது மின்தடை துள்ளுவதை எண்ணும் கருவிக்கு 1953இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஆய்வகங்களில் அணுவின் உட்கருவுக்கு ஒளிரும் சாயமேற்றி, ஒளித்துடிப்புகளைக் கருவி எண்ணுகிறது.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பிடித்தது, 1957இல் கலிபோர்னியாவின் ஷால்ம், நூர்லாண்டர் இருவரும் வெளியிட்ட சோதனைதான். கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று இன்றும் உலகெங்கும் அதற்குப் பெயர். கைப்பிடி கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் நான்கு குழிகள், நான்கு காம்புகளுக்கு. ஒவ்வொன்றிலும் சிறிது பால். அதே அளவு சோப்பு வகைக் கரைசல். மெல்லச் சுழற்றினால் நல்ல பால் தண்ணீராக ஓடும். நோயுற்ற பால் சளிபோலக் கட்டிக்கொண்டு நடுவில் திரளும்.

காரணம் என்ன? சோப்பு வகைப் பொருள் வெள்ளணுவின் கொழுப்புச் சவ்வைக் கரைக்கிறது. உள்ளே சுருண்டு கிடந்த டி.என்.ஏ. இழை வெளியே அவிழ்கிறது. ஒரு பசு உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் அணுக்கள் எனில் 2,000 கிலோமீட்டர் இழை! சென்னையிலிருந்து டில்லிக்கு ரயிலில் போகும் தூரத்துக்குச் சற்றே குறைவு. இவ்வளவும் ஒரு கரண்டிக்குள் சிக்கிக்கொண்டால் பாகுநிலை ஏறாமல் என்ன செய்யும்?

அந்தக் கரைசல் கிடைக்காத இடத்தில் துணி துவைக்கும் சலவைத்தூளே போதும். 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 3 கிராம் கரைத்துக்கொண்டு, சம அளவு பாலோடு கலந்து சுழற்ற வேண்டும். இந்த எளிய முறை நம் துணைக்கண்டத்தில் பல இடங்களில் கையாளப்படுகிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மாடு இருந்தால், உரியவரிடம் கேட்டுக்கொண்டு செய்து பாருங்கள். முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலை விட்டுவிட்டு எடுங்கள். சோதித்த பாலைக் கொட்டிலில் ஊற்றாமல் தூரக் கொட்டுங்கள்; கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

பண்ணைகளில் இன்னொரு வேடிக்கை. பத்துப் பசுக்கள், ஒன்பதின் பாலில் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் அணுக்கள், ஒன்றில் மட்டும் நாற்பது லட்சம். எல்லாம் சம அளவு பால் தருவதாகக் கொண்டால் தொட்டியின் சராசரி 4,90,000. ஐரோப்பாவில் அனுமதி வரம்பு 4,00,000. ஒரு பசுவால் பண்ணையே வரம்பை மீறிவிட்டது! ஆகவேதான் கால்நடை அறிஞர்கள் மடக்கைக் கணக்கில் ஒரு மதிப்பெண் வைத்தார்கள்: ஒரு லட்சத்துக்கு 3, அணுக்கள் இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு மதிப்பெண் கூடும். இரண்டு லட்சம் என்றால் 4, நான்கு லட்சம் 5. நாற்பது லட்சத்துக்கு என்ன வரும் என்று மடக்கை அட்டவணையைக் கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

மணி அடித்தால் நோயா?

1992இல் ஹாலந்து நாட்டில் தானியங்கிக் கறவை எந்திரங்கள் பண்ணைகளுக்கு வந்தன. மனிதக் கண் பாலைப் பார்ப்பதே இல்லை என்பதால் ஒவ்வொரு காம்புக் குழாயிலும் மின்கடத்துமானி பொருத்தப்பட்டது. இங்கே ஒரு கணக்குச் சிக்கல். 100 பசுக்களில் 2 நோயுற்றவை என்போம். மானி நோயுற்றவற்றில் 80 சதத்தைச் சரியாகப் பிடிக்கிறது. நலமானவற்றில் 5 சதத்தைத் தவறாகப் பிடிக்கிறது. கேட்க நல்ல மானிதான். ஆனால் 98 நலப்பசுக்களில் ஐந்துக்கு மணி அடிக்கும். நோயுற்றதில் ஒன்றோ இரண்டோ. ஏழு மணிகளில் ஐந்து பொய் மணி! இரண்டு வாரத்தில் பண்ணைக்காரர் மணியைக் காதில் வாங்குவதையே விட்டுவிடுவார். ஆதலால் ஒரே அளவை நம்பாமல், நான்கு பகுதிகளின் ஒப்பீடு, அதே பசுவின் முந்தைய நாள் அளவு, பாலின் நிறம், அணு எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள்.

அளந்தால் மட்டும் நோய் போகாது. இங்கிலாந்தில் ரெடிங் நகரையொட்டிய தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1960களில் ஐந்து அம்சத் திட்டம் ஒன்று வகுத்தார்கள். கறந்தபின் காம்பைக் கிருமிநாசினியில் நனைப்பது அவற்றுள் ஒன்று. அப்போது அந்நாட்டில் ஆண்டுக்கு 100 பசுக்களுக்கு 100க்கும் மேற்பட்ட நோய் நிகழ்ச்சிகள் இருந்தன. 1982 வாக்கில் அது 40 அளவுக்கு இறங்கியது. கறந்து முடித்த அரைமணி ஒரு மணி நேரம் காம்பின் துளை திறந்தே இருக்கும். அந்நேரம் மாடு சாணத்தில் படுக்காமலிருக்க, கறந்தவுடன் தீவனம் வைத்து நிற்க வைப்பதும் நல்ல வழக்கம். பல வீடுகளில் காரணம் தெரியாமலே இதைச் செய்கிறார்கள்.

நம் கதைக்கு வருவோம். நான்கு கிண்ணங்களையும் சலவைத்தூள் கரைசலையும் எடுத்துக்கொண்டு மாணவரும் அவர் தாயாரும் சங்கத்துக்குப் போனார்கள். நானும் உடன் போனேன். பின்காம்புப் பால் இரண்டும் வரிசையில் நின்ற எல்லோர் கண்ணெதிரிலும் சளியாகத் திரண்டன. செயலர் நல்ல மனிதர். வேறொரு கிண்ணத்தில் நல்ல பாலில் தண்ணீர் விட்டு, அதையும் சுழற்றிக் காட்டச் சொன்னார். அது திரளவில்லை. அவர் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. பிடித்த பணம் கணக்கில் ஏறிவிட்டதாம், திரும்பி வரவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து காம்புக்குள் மருந்து செலுத்தினார். மருந்து போட்ட நாள்களிலும், அவர் குறித்துக் கொடுத்த அடுத்த சில நாள்களிலும் அந்த மாட்டின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக்கூடாது. அதில் மருந்து எச்சம் இருக்கும், தயிருக்குக் கூட உறையாது. குற்றம் நீங்கிய அந்த வாரத்தில் வீட்டுக்கு வரும்படியும் பாதியாயிற்று. வலது பின்பகுதி தேறிவிட்டது. இடது பின்பகுதி அந்த ஈற்றில் முழுமையாகத் தேறவில்லை. அம்மா இப்போது நல்ல மாட்டை முதலில் கறந்து, கையைக் கழுவி, இந்த மாட்டைக் கடைசியாகக் கறக்கிறார். ஞாயிறுதோறும் கறப்பதற்கு முன் நான்கு தேங்காய்ச் சிரட்டைகளில் சலவைத்தூள் கரைசலை ஊற்றி வைக்கிறார்.